சிவந்த தோலைத் தேய்க்கலாமா?

கேள்வி: மாமியாருக்கு 78 வயது. பக்கவாதம் வந்து மூன்று மாதமாகப் படுத்த படுக்கை. கணவருக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. பகலில் நான் ஒருத்திதான். இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருக்கிறது. பவுடர் போட்டுத் தேய்க்கலாமா?
– வாசகி, போச்சம்பள்ளி

பதில்: தேய்க்கவே கூடாது; அடியில் நசுங்கியிருக்கும் தசை மேலும் கெடும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. அந்த இடத்தில் பாரம் விழாதபடி 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடுங்கள். முழுக்க ஒருக்களித்தால் இடுப்பெலும்பு அழுந்தும். முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொரு தலையணை. குதிகால் மெத்தையில் படக்கூடாது. பலரும் ஆசையாக வாங்கும் காற்று வளையம் வேண்டாம், சுற்றிலும் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். காற்று மெத்தை நல்லதுதான், ஆனால் திருப்பும் வேலையை அது மிச்சப்படுத்தாது.

தனியாளாகத் திருப்ப, பழைய பருத்திப் புடவையை மடித்து அடியில் விரித்து, புடவையோடு சேர்த்துப் புரட்டுங்கள். உடம்பைப் பிடித்து இழுத்தால் தோல் உரியும். கணவர் வீட்டில் இருக்கும் இரவுகளில் அவர் முறை. இதில் தயவு பார்க்காதீர்கள்.

உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தோல் பிய்ந்தாலோ, நாற்றமோ காய்ச்சலோ வந்தாலோ அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.