கைப்பிடி மேல் பழி போடாதீங்க: பழைய கார் கதவு, கேள்வி-பதில்

அம்பாசிடர் வண்டி. டிரைவர் பக்கத்துக் கைப்பிடி ரெண்டா முறிஞ்சிருச்சு. கேஸ் வெல்டிங் வச்சா நிக்குங்களா? (பொள்ளாச்சி)

நிக்காதுங்க. முறிந்த வாயைப் பாருங்கள். மணல் மணலாகச் சாம்பல் நிறத்தில் இருந்தால் அது மசாக், அதாவது துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியம் கலந்த டை காஸ்டிங் (அச்சு வார்ப்பு). 385 டிகிரி வாக்கில் உருகிவிடும். கேஸ் ஜுவாலையோ 3,000 டிகிரிக்கு மேல். சிவந்து எச்சரிக்காது, கெட்டியாக இருப்பது போலவே இருந்து சட்டென்று குழைந்து சொட்டும். சுற்றிலும் குரோம் கொப்பளித்து உரியும். கிளம்பும் வெள்ளைப் புகையும் நெஞ்சுக்கு ஆகாது.

முறிந்தது கையால் இழுக்கும் தண்டு என்றால், உள்ளே ஆணி வைத்து ஒட்டலாம். முறிந்த இரு முகங்களையும் அரம் போடாமல் விடுங்கள். அந்தச் சொரசொரப்புதான் ஒன்றில் ஒன்று சரியாக உட்காரும். அசிட்டோனால் துடைத்து, ஒரு பக்கத்தில் 3.3 மி.மீ. பிட்டால் 10 மி.மீ. ஆழம் துளையிட்டு எம்4 டேப் (4 மி.மீ. மரை வெட்டும் கருவி) போடுங்கள். மண்ணெண்ணெய் விட்டு, அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே. எதிர்ப்பக்கத்தில் மரை வேண்டாம், 4.2 மி.மீ. வெறும் துளை போதும். இரண்டு பக்கமும் மரை போட்டால் திருகி இறுகும் இடத்தில் தண்டு கோணலாக நிற்கும். எதிர்த்துளையின் இடத்தைக் கண்டுபிடிக்க, கூராக்கிய சின்ன ஆணியை முதல் துளையில் வைத்து இரு துண்டையும் அழுத்தினால் புள்ளி விழும். உள்ளே வைக்கும் ஆணியாக 20 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டட் (தலையில்லாத மரைக் கம்பி), மெதுவாக இறுகும் அரால்டைட், ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வைத்தல். ஐந்து நிமிட ஒட்டு வெயிலில் நிற்கும் கதவில் தாங்காது. தண்டு 10 மி.மீ.க்கும் மெல்லியது என்றாலோ, திருப்பும் வகைக் கைப்பிடியில் சதுரக் கம்பியின் அடியில் முறிந்திருந்தாலோ இந்த வேலையே வேண்டாம். மாற்றிவிடுங்கள்.

ரெண்டு வருசத்துல மூணு கைப்பிடி மாத்தியாச்சு, அதே கதவுல மட்டும். டூப்ளிகேட் சாமானா? (கோபி)

சாமான் மட்டமாகவும் இருக்கலாம். ஆனால் மற்ற மூன்று கதவிலும் உடையவில்லையே? அப்படியென்றால் கோளாறு கதவில். ஒருவர் கதவை வெளியிலிருந்து உள்ளே தள்ளிப் பிடிக்க, பட்டனை அழுத்திப் பாருங்கள். அப்போது சுலபமாகத் திறந்தால், ஒன்று கதவைச் சுற்றியுள்ள பீடிங் ரப்பர் கல்லாகியிருக்கிறது, அல்லது தூணில் பூட்டு மாட்டும் ஸ்ட்ரைக்கர் ரொம்ப உள்ளே தள்ளியிருக்கிறது. பிறகு கதவைத் திறந்து, அதன் முனையைக் கையால் தூக்குங்கள். இரண்டு மூன்று மி.மீ. ஆடினால் கீல் பின் தேய்ந்து கதவு தொங்குகிறது. தினமும் கைப்பிடியைப் பிடித்துத்தான் அதைத் தூக்கித் திறக்கிறீர்கள். மசாக் கொஞ்சமும் வளையாது, ஒரேயடியாக முறியும். பட்டறையில் முதலில் கீல் பின், அடுத்து பூட்டுக்கு கிரீஸ், அதன் பிறகு ஸ்ட்ரைக்கர். கைப்பிடி கடைசி.

ஒரிஜினல் கிடைக்கல. கோயமுத்தூர்ல இத்தனை பவுண்டரி இருக்குதே, பித்தளையில வார்த்துக்கலாமா? (உடுமலை)

தாராளமாக வார்க்கலாம். பம்பு பாகம் வார்த்துப் பழகிய ஊருக்கு இது சின்ன வேலை. முதலில் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் ஒரு சுற்றுத் தேடுங்கள். அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றதால் கழித்த வண்டிகளின் கைப்பிடி இன்னும் அகப்படும். ஹெரால்டு, பழைய மோரிஸ் மாதிரி கார் என்றால் வார்ப்புதான் வழி.

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பழைய கைப்பிடியையே பேட்டர்னாக (வார்ப்புக்கு மாதிரியாக) மணலில் அழுத்தி வார்த்தால் வருவது சின்னதாக வரும். பித்தளை ஆறும்போது ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் சுருங்கும். 150 மி.மீ. நீளக் கைப்பிடியில் அது 2¼ முதல் 3 மி.மீ. வெளித்தோற்றத்தில் யாருக்கும் தெரியாது; இரண்டு ஸ்குரூத் துளையும் கதவுத் துளையோடு சேரும்போது தெரியும். ஆகவே துளைகளை வார்ப்பில் விடவே வேண்டாம். அந்த இடங்களைக் குமிழாக, கனமாக வார்க்கச் சொல்லி, கதவில் அளவெடுத்துத் துளையிடுங்கள். கதவில் உட்காரும் அடிப்பாகத்துக்கு எம்-சீல் பூசிச் சுற்றிலும் ஒரு மி.மீ.க்கு மேல் பெருக்கிவிட்டால் அரம் போட இடம் இருக்கும். பட்டன் நுழையும் குழியை லேத்தில் கடையட்டும்.

பித்தளை மசாக்கைவிடக் கால் பங்குக்கு மேல் கனம். பாதகமில்லை. அலுமினியத்தில் வார்த்துத் தரேன் என்பார்கள், விலை குறைவு. ஆனால் அதற்குக் குரோம் பிடிக்கத் தனிப் பக்குவம் வேண்டும். சாதாரணத் தொட்டியில் போட்டால் உரிந்துவிடும்.

புதுக் கைப்பிடியில் பட்டன் முனைக்கும் பூட்டின் நெம்புகோலுக்கும் நடுவே 1 முதல் 1½ மி.மீ. இடைவெளி வேண்டும். பட்டன் முனையில் சப்பாத்தி மாவு கொஞ்சம் ஒட்டி, கைப்பிடியைப் பொருத்தி, பட்டனைத் தொடாமல் கழற்றுங்கள். நசுங்கிய மாவின் கனமே இடைவெளி. மாவு ஒட்ட நசுங்கியிருந்தால் பட்டன் எப்போதும் பூட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கதவு ஓட்டத்தில் திறந்துகொள்ளும். முனையில் லாக் நட்டோடு ஸ்குரூ இருந்தால் அதைத் திருகிச் சரி செய்யலாம், இல்லையென்றால் அரம்.

குரோம் கொப்பளம் கொப்பளமா இருக்குது. முலாம் கடையில குடுத்தா தேஞ்சு போய் வந்துச்சு. (திருப்பூர்)

இரும்பு என்று நினைத்து ஆசிட்டில் ஊறப்போட்டிருப்பார்கள். துத்தநாகத்தை ஆசிட் தின்றுவிடும். கொடுக்கும்போதே “இது மசாக், முதலில் சயனைடு காப்பர் முலாம்” என்று சொல்லிக் கொடுங்கள். நேராக ஆசிட் காப்பர் தொட்டியில் விட்டாலும் அரிக்கும். குழிகளைச் சின்ன பர் பிட்டால் வெள்ளைப் பொடி போகும்வரை தோண்டி, காப்பர் ஏற்றி, ஈயப்பற்றால் நிரப்பி, சமன் செய்து, மறுபடி காப்பர், நிக்கல், குரோம். இந்த வரிசைதான். பஃப் (பாலிஷ்) போடுபவரிடம் லேசாகத் தேய்க்கச் சொல்லுங்கள்: வார்ப்பின் மேல்தோல்தான் கெட்டி, அதைத் தேய்த்து எடுத்தால் கீழே ஊசித்துளைகள் எழும்பும். மெல்லிய நிக்கல் போட்டு மேலே குரோம் பளபளத்தால் ஏமாறாதீர்கள். மழையைத் தடுப்பது நிக்கல். குரோம் ஒரு மைக்ரானில் பாதிகூட இருக்காது.

கைப்பிடி வெடிச்சு வெடிச்சு உப்புன மாதிரி இருக்குது. ஒட்டலாமா? (வால்பாறை)

முடியாது. வார்த்தபோதே காரீயம் கலந்துபோன பழைய துத்தநாகம் ஈரத்தில் உள்ளிருந்தே இற்றுப்போகும். 1930-களின் வண்டிகளில் அதிகம். பேட்டர்னாகவும் அப்படியே வைக்காதீர்கள், உப்பிய அளவு வந்துவிடும்.

ஸ்குரூ இறுக்குறப்ப அடிக்கால் விண்டு போச்சு. (கரூர்)

மரையைப் பாருங்கள். ஆங்கில வடிவ வண்டிகளில் ‘10-32’ என்ற அங்குல அளவு மரை இருக்கலாம், அதன் விட்டம் 4.83 மி.மீ. எம்5 ஸ்குரூ 5 மி.மீ.; அதன் மரை இடைவெளியும் ஏறக்குறைய அதே என்பதால் முதல் சில சுற்று நன்றாகவே ஏறும். பிறகு இறுகும், நாம் ஓங்கித் திருகுவோம், கால் பிளக்கும். பழைய ஸ்குரூவைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கைப்பிடிக்கும் தகரத்துக்கும் நடுவே சைக்கிள் டியூபை வெட்டி வையுங்கள். இரும்பும் துத்தநாகமும் நேராகத் தொட்டு நனைந்தால் துத்தநாகம்தான் கரையும். ரப்பர் லேசாகப் பிதுங்கத் தொடங்கியதும் கையை எடுத்துவிடுங்கள்.