லாரிப் பட்டறை மண்ணில் பயோசர்ஃபாக்டன்ட்: நுரை வந்தால் போதுமா?

கேள்வி: நான் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் இறுதியாண்டு மாணவி. நாமக்கல் அருகே ஒரு லாரிப் பட்டறையில், பழைய ஆயில் ஊறிப்போன மண்ணிலிருந்து 14 பாக்டீரியாக்களைப் பிரித்திருக்கிறேன். இவற்றில் பயோசர்ஃபாக்டன்ட் (பாக்டீரியா சுரக்கும் சோப்பு போன்ற பொருள்) நன்றாகத் தருவது எது என்று தேடுகிறேன். நியூட்ரியன்ட் பிராத்தில் (பாக்டீரியா வளர்க்கும் ஊட்டத் திரவம்) 24 மணி நேரம் வளர்த்துக் குலுக்கினால் 9 நன்றாக நுரைக்கின்றன. பிளட் அகாரில் (ரத்தம் கலந்த ஊட்டக் கூழ்) 5 தெளிவான வளையம் காட்டுகின்றன. ஆனால் மண்ணெண்ணெய் சேர்த்துக் குலுக்கி ஈ24 (24 மணி நேரம் கழித்தும் பிரியாமல் நிற்கும் எண்ணெய்-நீர்க் கலவையின் சதவீதம்) பார்த்தால் எதுவுமே 20 சதவீதத்தைத் தாண்டவில்லை. எதைத் தேர்ந்தெடுப்பது? பட்டறைக்காரர் வேறு, "இதைத் தெளித்தால் என் இடம் சுத்தமாகிவிடுமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

பதில்: முதலில் நுரையை மறந்துவிடுங்கள். நியூட்ரியன்ட் பிராத்தில் பெப்டோன் இருக்கிறது. புரதச் சத்து கலந்த எந்தத் திரவத்தைக் குலுக்கினாலும் நுரைக்கும்; பாக்டீரியாவே போடாத பிராத்தைக் குலுக்கிப் பாருங்கள், அதுவும் கொஞ்சம் நுரைக்கும். பிளட் அகார் வளையமும் அரைச் சாட்சிதான். சிவப்பணுக்களை உடைக்கும் நொதிகளும் நச்சுப் புரதங்களும் அதே வளையத்தைத் தரும். மறுபக்கம், நல்ல பயோசர்ஃபாக்டன்ட் சில அகாருக்குள் பரவாமல் வளையமே காட்டாமல் போகும். அந்த 5-ஐ மட்டும் வைத்துக்கொண்டு மற்ற 9-ஐத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஈ24 குறைவாக வந்ததற்காகவும் சோர்ந்துபோக வேண்டாம். எண்ணெயையும் நீரையும் பிரியாமல் பிடித்து வைப்பது ஒரு வேலை, நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பது வேறு வேலை. அசினெட்டோபாக்டர் ஆர்ஏஜி-1 என்ற பாக்டீரியா சுரக்கும் எமல்சான் முதல் வேலையில் கெட்டி. இழுவிசையைப் பெரிதாகக் குறைக்காது. உங்களுடையவை இதற்கு நேர்மாறாக இருக்கலாம். எந்த எண்ணெய் என்பதைப் பொறுத்தும் ஈ24 மாறும், ஆகவே மண்ணெண்ணெயோடு டீசலையும் ஒரு தாவர எண்ணெயையும் வைத்துப் பாருங்கள்.

நீங்கள் இன்னும் செய்யாத, முதலில் செய்திருக்க வேண்டிய சோதனை பரப்பு இழுவிசைதான். அதை நேரடியாக அளக்கும் டென்சியோமீட்டர் இல்லை என்பீர்கள். உங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் ஸ்டாலக்மோமீட்டர் (சொட்டுகளை எண்ணி இழுவிசை அறிய உதவும், கோடு போட்ட கண்ணாடிக் குழாய்) தூசி படிந்து கிடக்கும், கேட்டு வாங்குங்கள். பாக்டீரியாவை சென்ட்ரிஃபியூஜில் இறக்கிவிட்டு மேலே நிற்கும் தெளிந்த திரவத்தை மட்டும் எடுங்கள். செல்கள் கலந்திருந்தால் அவையே அளவைக் கெடுத்து ஏமாற்றும். இரண்டு கோடுகளுக்கு இடையிலான திரவம் எத்தனை சொட்டாக விழுகிறது என்று எண்ணுங்கள். இழுவிசை குறையக் குறையச் சொட்டு சிறுத்துவிடும், எண்ணிக்கை ஏறும். 25 டிகிரியில் தண்ணீரின் இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். தண்ணீர் 40 சொட்டும் உங்கள் திரவம் 80 சொட்டும் விழுந்தால், அடர்த்தி ஏறக்குறைய ஒன்று என்று கொண்டு, 72-ஐ 40-ஆல் பெருக்கி 80-ஆல் வகுங்கள்: 36. பாக்டீரியா போடாத பிராத்தையும் கட்டாயம் எண்ணுங்கள். பெப்டோன் மட்டுமே இழுவிசையைக் கொஞ்சம் இறக்கிவிடும். ஒப்பிட வேண்டியது அந்த எண்ணோடுதான், 72-ஓடு அல்ல.

இந்த இடத்தில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை ஒரு வாரம் முழுக்க எங்கள் சோதனைக் குழாய்கள் எல்லாமே பாசிட்டிவ். எண்ணெய் தடவிய தகட்டில் வைத்த சொட்டு, பயோசர்ஃபாக்டன்ட் இருந்தால் படுக்கும், இல்லாவிட்டால் உருண்டு நிற்கும்; எங்களுக்கு எந்தச் சொட்டை வைத்தாலும் தட்டையாகப் படுத்துவிடும். குதூகலமாக இருந்தோம், எட்டாவது நாள் வெறும் காய்ச்சி வடித்த நீரும் படுத்துக்கொள்ளும் வரைக்கும். குழாய்களைக் கழுவிய சோப்புத்தூள் சரியாக அலசப்படவில்லை, அவ்வளவுதான். நாம் தேடுவதும் ஒருவகைச் சோப்பு என்பதால் இந்த வேலையில் பாத்திரம் கழுவுவதே பாதி ஆராய்ச்சி. எத்தனாலில் அலசி, பிறகு காய்ச்சி வடித்த நீரில் நாலைந்து முறை அலசுங்கள்.

இரண்டு பாக்டீரியாக்களின் திரவம் இழுவிசை 30 காட்டினால் இரண்டும் சமம் என்று எழுதிவிடக் கூடாது. நீரின் மேற்பரப்பு முழுக்க மூலக்கூறுகள் நிரம்பியதும் இழுவிசை அதற்குமேல் இறங்காது. மிச்சமுள்ளவை நீருக்குள் மைசெல் எனும் சிறு திரள்களாகத் திரண்டுவிடும். பேசில்லஸ் சுரக்கும் பயோசர்ஃபாக்டன்டான சர்ஃபாக்டின் லிட்டருக்கு ஏறத்தாழ 20 மில்லிகிராம் இருந்தாலே 72 என்பது 27 ஆகிவிடும். 200 மில்லிகிராம் இருந்தாலும் அதே 27-தான். ஆகவே திரவத்தை 10 மடங்கும் 100 மடங்கும் நீர்த்து மறுபடி அளந்து பாருங்கள். 100 மடங்கு நீர்த்த பிறகும் எது தாழ்ந்தே நிற்கிறதோ அதில்தான் சரக்கு அதிகம். என் கணக்கில் உங்கள் 14-இல் தேறுபவை இரண்டு அல்லது மூன்று இருக்கும்.

வளர்க்கும் முறையையும் மாற்ற வேண்டும். கிராம் சாயமிட்டுப் பார்த்து, பேசில்லஸ் போன்றவற்றைத் தனியாகவும் சூடோமோனாஸ் போன்றவற்றைத் தனியாகவும் பிரித்துக்கொள்ளுங்கள். சூடோமோனாஸ் சுரக்கும் ரேம்னோலிப்பிட், வளர்ச்சி அடங்கிக் கூட்டம் நெருக்கமான பிறகே பெருகும், 24 மணி நேரத்தில் சோதித்தால் அவசரம். உப்புக் கரைசலில் கிளிசரால் அல்லது தாவர எண்ணெய் சேர்த்து, நைட்ரஜனை நைட்ரேட்டாக, சற்றுக் குறைவாகவே கொடுத்து, 72 முதல் 96 மணி நேரம் ஷேக்கரில் விடுங்கள். இரும்பும் குறைவாக இருக்கட்டும். பேசில்லஸுக்கு இதற்கு எதிர்மாறு: குளுக்கோஸோடு இரும்பும் மாங்கனீசும் கொடுத்தால் சர்ஃபாக்டின் கூடும், சீக்கிரமே வந்தும்விடும். ஜப்பானில் 1968-இல் சர்ஃபாக்டினைப் பிரித்தெடுத்தவர்கள் அது ரத்தம் உறைவதைத் தடுப்பதையும் அப்போதே கவனித்திருக்கிறார்கள். பேசில்லஸ் குடுவையில் நுரை பஞ்சு மூடியைத் தொடும் அளவுக்கு ஏறினால் அதைக் கொட்டிவிடாதீர்கள், சரக்கில் பெரும்பங்கு அந்த நுரையில்தான் போய் ஒட்டியிருக்கும். (முதல் வரியில் நுரையை மறக்கச் சொன்னது நான்தான், அது பெப்டோன் நுரைக்கு.) 250 மில்லி குடுவையில் 50 மில்லிக்கு மேல் ஊற்ற வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. பச்சை நிறம் கக்கி, திராட்சை போல இனிப்பு மணம் வீசினால் அது அநேகமாக சூடோமோனாஸ் எருஜினோசா. ரேம்னோலிப்பிட் சுரப்பதில் கெட்டிக்காரன், காயத்திலும் கண்ணிலும் நுரையீரலிலும் தொற்றுவதிலும் கெட்டிக்காரன். விவசாயிகள் விதை நேர்த்திக்குப் பயன்படுத்தும் சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். 42 டிகிரியில் வளர்த்துப் பாருங்கள்: எருஜினோசா வளரும், ஃப்ளோரசன்ஸ் வளராது.

பட்டறைக்காரருக்கு என்ன சொல்வது? தெளிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மண்ணில் எண்ணெய் தின்னும் பாக்டீரியாக்கள் ஏற்கனவே இருக்கின்றன, நீங்களே அங்கிருந்துதானே எடுத்து வந்தீர்கள்! அவற்றுக்குக் குறைவது நைட்ரஜனும் பாஸ்பரஸும் காற்றும் ஈரமும். 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெய் கொட்டியபோது கரைகளில் உரம் போட்டுத்தான் அங்கிருந்த பாக்டீரியாக்களைத் தூண்டினார்கள். பட்டறை மண்ணைக் கொத்திவிட்டு, உரம் கொஞ்சம் கலந்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சில மாதங்களில் ஆயில் ஓரளவு குறையும். ஆனால் பழைய எஞ்சின் ஆயிலில் உள்ள துத்தநாகம் போன்ற உலோகங்களை எந்தப் பாக்டீரியாவும் தின்று தீர்க்காது. அதைவிட முக்கியம், ஆயில் மாற்றும் இடத்தில் ஒரு தகரத் தட்டு வைக்கச் சொல்லுங்கள். தினமும் சொட்டிக்கொண்டிருந்தால் உங்கள் 14 பேரும் சேர்ந்து உழைத்தாலும் ஈடுகொடுக்க முடியாது.