கேள்வி பதில்: கப்பலுக்கும் செக்குக்கும் நடுவே ஒரு மில்

கே: வ.உ.சி. என்றதும் கப்பல், செக்கு இரண்டைத்தான் சொல்கிறார்கள். தொழிலாளர்களுக்கு அவர் ஏதாவது செய்தாரா? (கோவில்பட்டி வாசகர்)

ப: செய்தார். நான் படித்த பள்ளிப் பாடத்திலும் கப்பல் வந்தது, செக்கு வந்தது. கோரல் மில் மட்டும் வரவில்லை. தூத்துக்குடியில் ஹார்வி கம்பெனி நடத்திய பஞ்சாலை அது. விடிந்தது முதல் இருட்டும் வரை வேலை, அற்பக் கூலி, வார லீவு கிடையாது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கடற்கரைக் கூட்டங்களில் இதைப் பேசிப் பேசிச் சூடேற்றினார்கள். 1908 பிப்ரவரி 27-ல் மில் நின்றது.

பேச்சைவிட எனக்குப் பெரிதாகப் படுவது சோறு. சங்கம் இல்லாத காலம். சென்னைத் தொழிலாளர் சங்கமே 1918-ல்தான் பிறந்தது. அன்றாடங்காய்ச்சி எத்தனை நாள் பட்டினி தாங்குவான்? வ.உ.சி. ஊருக்குள் வசூலுக்கு இறங்கினார். வக்கீல்கள் கொடுத்தார்கள். சிலருக்கு வேறு வேலையும் பார்த்துக் கொடுத்தார்கள். உலை கொதித்ததால் யாரும் உள்ளே போகவில்லை. மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. அரவிந்தரின் 'வந்தே மாதரம்' பத்திரிகை வங்காளத்திலிருந்து பாராட்டி எழுதியது.

கே: ஒரே ஒரு மில் நின்றதைப் பொது வேலைநிறுத்தம் என்று சிலர் எழுதுகிறார்களே? (மதுரை வாசகி)

ப: அவர்கள் குறிப்பிடுவது அடுத்ததை. மார்ச் 12-ல் வ.உ.சி.யும் சிவாவும் கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். தூத்துக்குடியில் கோரல் மில்காரர்கள் மறுபடி வெளியே வந்தார்கள். கூலி உயர்வு கைக்கு வந்த சூடு ஆறவில்லை, அதற்குள் அதைப் பணயம் வைத்தார்கள்! இந்தத் தடவை தங்களுக்கென்று ஒரு காசு கேட்கவில்லை. கடைகள் அடைத்தன, ஜட்கா ஓடவில்லை, துப்புரவுத் தொழிலாளரும் சவரத் தொழிலாளரும் வேலைக்குப் போகவில்லை. சர்க்கார் பக்கம் பேசிய வக்கீல் ஒருவரைப் பாதிச் சவரத்தோடு விட்டுவிட்டு, சவரத் தொழிலாளி கத்தியை மடக்கிக்கொண்டு எழுந்துபோனார் என்றொரு கதை உண்டு. மீதி முகத்துக்கு ஊரில் ஆள் கிடைக்கவில்லையாம்.

திலகருக்காகப் பம்பாய் மில் தொழிலாளர்கள் ஆறு நாள் வேலை நிறுத்தியது அதே ஆண்டு ஜூலையில். அதை எல்லோரும் எழுதுகிறார்கள். தூத்துக்குடி நான்கு மாதம் முந்திக்கொண்டதை நாமே எழுதுவதில்லை.

கே: ஊர் சேர்ந்தால் எப்போதும் ஜெயம்தானா? (சென்னை வாசகர்)

ப: ஊர் சேராத கதை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1921-ல் பின்னி நிர்வாகத்தின் பக்கிங்ஹாம் – கர்நாடிக் மில் வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் இழுத்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம் என்று பிளந்து, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. தொழிலாளர்கள் தோற்றுத்தான் வேலைக்குத் திரும்பினார்கள்.