ஈரலில் கட்டி, எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

நான் ரேடியாலஜி டாக்டர். வயிற்று எம்.ஆர்.ஐ. படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் என் அன்றாட வேலை. கல்லீரல் கட்டி பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறைய வந்துவிட்டது. படத்தைப் பார்க்காமல் உங்கள் வீட்டு நோயாளிக்கு இதுதான் என்று என்னால் முடிவு சொல்ல முடியாது, அது சரியும் இல்லை. ஆனால் ரிப்போர்ட்டில் இருப்பது என்ன, டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதைப் புரியவைக்க முடியும்.

கேள்வி: வணக்கம் மேடம். அம்மாவுக்கு 52 வயது. பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எடுத்தபோது ஈரலில் 3 செ.மீ. கட்டி என்று வந்தது. எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு நாளாக வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. புற்றுநோயா?

முதலில் எல்லோரும் சாப்பிடுங்கள் அம்மா. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போய், நல்லபடி இருக்கும் ஈரலில் தற்செயலாகக் கண்ணில் படும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவை. அதிலும் அதிகம் பார்ப்பது ஹீமாஞ்சியோமா, அதாவது ரத்தக்குழாய்கள் சுருண்டு சேர்ந்த கட்டி. எம்.ஆர்.ஐ.யில் அது பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். கட்டி படத்தில் தெளிவாகத் தெரிவதற்காக ஊசியில் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றினால் ஓரத்தில் திட்டுத் திட்டாக நிறம் பிடித்து மெல்ல நடுவை நோக்கி நிரம்பும். அப்படி நிரம்புவதைப் பார்த்துவிட்டால் பெரும்பாலும் வேறு சோதனையே வேண்டாம். ஒன்று மட்டும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்: அம்மாவுக்கு மஞ்சள் காமாலை பி, சி வைரஸ் இருந்ததா, முன்பு எங்காவது புற்றுநோய் வந்ததா, கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாரா. ஒரே மாதிரியான புள்ளிக்கு, அது எந்த ஈரலில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறிவிடும்.

கேள்வி: சி.டி. எடுத்து ஒரு வாரம்தான் ஆகிறது. மறுபடி எம்.ஆர்.ஐ. என்கிறார்கள். பணம் பிடுங்கவா?

கோபம் புரிகிறது, ஆனால் பல நேரங்களில் உண்மையிலேயே தேவைப்படுகிறது. ஈரலுக்கு இரண்டு வழியில் ரத்தம் வருகிறது: முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் ரத்தக்குழாய் வழியாக, கால் பங்கு தமனி வழியாக. ஈரல் செல்லில் தோன்றும் புற்றுநோய் வளர வளரத் தமனியிலிருந்தே தன் ரத்தத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் கையில் மருந்து ஏற்றி அரை நிமிடம் போல ஆனதும் சுற்றியுள்ள ஈரலை விடக் கட்டி பிரகாசமாகும், ஒரு நிமிடம் தாண்டிப் போர்ட்டல் வழியாக ஈரல் முழுக்க மருந்து பரவும்போது கட்டி சுற்றுப்புறத்தை விட மங்கிவிடும். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் நாங்கள் தேடுகிறோம். சி.டி.யிலும் இது தெரியும், ஆனால் அதில் கிடைக்காத சிலவற்றை எம்.ஆர்.ஐ. தருகிறது: கட்டிக்குள் கொழுப்பு இருக்கிறதா, அதனுள் நீர் மூலக்கூறுகள் தாராளமாக அசைகின்றனவா அல்லது செல்கள் நெருக்கியடித்து இருப்பதால் அசைய முடியாமல் கிடக்கின்றனவா, உள்ளே பழைய ரத்தக்கசிவு உண்டா, எல்லாம். கதிர்வீச்சும் கிடையாது. சி.டி.யிலேயே விஷயம் தெளிவாகிவிட்டால் எம்.ஆர்.ஐ. வேண்டாம்தான், "சி.டி.யில் எது தெளிவாகவில்லை?" என்று நேராகவே கேளுங்கள், டாக்டர் சொல்வார்.

கேள்வி: அப்பாவுக்கு சிரோசிஸ். 2.5 செ.மீ. கட்டி. பயாப்ஸி எடுக்காமலேயே புற்றுநோய் என்று சொல்லிச் சிகிச்சை பேசுகிறார்கள். சதையை எடுத்துப் பார்க்காமல் எப்படி உறுதி சொல்ல முடியும்?

நியாயமான கேள்வி. பெரும்பாலான புற்றுநோய்களுக்கு ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். சிரோசிஸ் ஈரலில், அதாவது தழும்பேறி இறுகிப்போன ஈரலில் வரும் இந்தப் புற்றுநோய் அதற்கு ஒரு விதிவிலக்கு. இதற்காக அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 2011-ல் லை-ராட்ஸ் என்று, படத்தை வைத்தே கட்டியின் மீதான சந்தேகத்துக்கு எல்.ஆர். எண் கொடுக்கும் ஒரு முறையைக் கொண்டுவந்தது, 2018-ல் திருத்திய வடிவத்தையும் வெளியிட்டது. 2 செ.மீ.யோ அதற்கு மேலோ உள்ள கட்டி, நான் மேலே சொன்னபடி முதலில் பிரகாசமாக வேண்டும், அதோடு அப்புறம் மங்கினாலோ அதைச் சுற்றி ஓர் உறை மாதிரி வளையம் தெரிந்தாலோ எல்.ஆர்.-5. அப்படி வரும் கட்டிகளில் நூற்றுக்கு 90-க்கும் மேல் உண்மையில் ஈரல் புற்றுநோய்தான். இன்னொரு பக்கம், சிரோசிஸ் உள்ளவருக்கு ரத்தம் உறைவது குறைவாக இருக்கலாம், ஊசி போட்டால் கசியும். ஊசி போன பாதையில் நோய் செல்கள் தங்கும் வாய்ப்பும் கொஞ்சம் உண்டு. அதனால்தான் ஊசியைத் தவிர்க்கிறார்கள், அலட்சியம் இல்லை. படம் தெளிவில்லாமல் இருந்தால் அவர்களே பயாப்ஸி கேட்பார்கள்.

இந்தக் கணக்கு சிரோசிஸ், நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ள பெரியவர்களுக்குத்தான். வெறும் ஃபேட்டி லிவர் மட்டும் உள்ளவருக்கு ரிப்போர்ட்டில் எல்.ஆர்.-5 என்று எழுதியிருந்தால், அது இங்கே பொருந்துமா என்று மறுபடி கேளுங்கள்.

கேள்வி: மாமனார் ரிப்போர்ட்டில் எல்.ஆர்.-3. மூன்றாம் கட்டப் புற்றுநோய் என்று அர்த்தமா?

இல்லை, இல்லவே இல்லை! இந்தக் குழப்பத்தில் எத்தனை குடும்பங்கள் அழுவதைப் பார்த்திருக்கிறேன் தெரியுமா. இது நோயின் கட்டம் அல்ல, சந்தேகத்தின் அளவு. 1 என்றால் நிச்சயமாகச் சாதுவானது, 5 என்றால் நிச்சயமாகப் புற்றுநோய், 3 என்றால் நடுவில். எல்.ஆர்.-3 கட்டிகளில் சுமார் மூன்றில் ஒன்றுதான் புற்றுநோயாக முடிகிறது. வழக்கமாக 3 முதல் 6 மாதத்தில் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள், அந்தத் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.

கேள்வி: பெட் ஸ்கேன்தானே பெரியது? நேராக அதையே எடுக்கலாமே?

வழக்கமான பெட் ஸ்கேன், சர்க்கரையை உறிஞ்சும் இடத்தைக் காட்டுவது. ஈரல் புற்றுநோயில் பல கட்டிகள் சர்க்கரையை அதிகம் உறிஞ்சாது, சுற்றியுள்ள ஈரலோடு கலந்து மறைந்துவிடும். முதல் சோதனையாக அது சரிப்படாது.

கேள்வி: தங்கைக்கு 29 வயது. எஃப்.என்.ஹெச்.சா அடினோமாவா என்று தெரியவில்லையாம், வேறு மருந்து ஏற்றி 20 நிமிடம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும் என்கிறார்கள்.

அது கடோக்செடேட் என்ற மருந்து. ஏற்றும் மருந்தில் பாதி அளவை ஈரல் செல்களே உள்ளே இழுத்துப் பித்தத்தில் விடும். எஃப்.என்.ஹெச். என்பது ஈரல் செல்களே ஒழுங்கு தவறி அடுக்கிக்கொண்ட சாதுவான கட்டி, அதனால் 20 நிமிடம் கழித்தும் மருந்தைப் பிடித்து வைத்திருக்கும். அடினோமா ஈரல் செல்லில் வரும் வேறு வகைச் சாதுவான கட்டி, அது பெரும்பாலும் கறுப்பாகத் தெரியும். ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்றால், எஃப்.என்.ஹெச். என்று உறுதியானால் பொதுவாக எதுவும் செய்யத் தேவையில்லை. அடினோமா என்றால் கருத்தடை மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள், 5 செ.மீ. தாண்டினால் ரத்தம் கசியும் அபாயம் இருப்பதால் அறுவை சிகிச்சை வரை பேச வேண்டியிருக்கும். மஞ்சள் காமாலையில் ரத்தத்தில் ஏறும் பிலிருபின் மிக அதிகமாக இருக்கும்போது இந்த மருந்தை ஈரல் சரியாக இழுக்காது, படம் மங்கலாகும். அந்த ரத்த ரிப்போர்ட்டையும் கொண்டு போகச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு எடுத்த ஸ்கேன் "அசைவால் தெளிவில்லை" என்று வந்துவிட்டது. மறுபடி எடுக்கணுமாம்.

இது எனக்கு மனசைப் பிசையும் விஷயம். ஈரல் மூச்சோடு மேலும் கீழும் போகும். ஒவ்வொரு தடவையும் 15 முதல் 20 விநாடி மூச்சை நிறுத்தினால்தான் படம் நிற்கும், அதுவும் மருந்து தமனி வழியாக வந்து சேரும் தமனிக் கட்டம் தவறினால் அந்த ஊசிக்குத் திரும்ப வாய்ப்பே இல்லை. வீட்டிலேயே பழக்குங்கள்: மூச்சை இழுத்து, வெளியே விட்டு, அப்படியே நிறுத்தி, நீங்கள் பக்கத்தில் எண்ணுங்கள். ஒரு முறை காது மந்தமான தாத்தா ஒருவருக்குப் படமெல்லாம் கலங்கி வந்தது. உள்ளே வரும் குரல் அவருக்குக் கேட்கவே இல்லை, யாரும் முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. மறுமுறை அவர் மகள் உள்ளே நின்று காலைத் தட்டித் தட்டிச் சொன்னாள், அருமையான படம். (அவளுக்கு உலோகம் எதுவும் உடம்பில் இல்லை என்று பார்த்த பிறகுதான் விட்டோம்.) காது, மொழி, மூச்சிரைப்பு, வயிற்றில் நீர், மூடிய இடத்தில் பயம், எது இருந்தாலும் ஊசி போடுவதற்கு முன்பே டெக்னீஷியனிடம் சொல்லுங்கள்.

கேள்வி: கிரியாட்டினின் கூடுதலாக இருக்கிறது, மருந்து ஏற்றலாமா? இதயத்தில் ஸ்டென்ட்டும் உண்டு.

ஸ்டென்ட் பெரும்பாலும் தடையில்லை, பேஸ்மேக்கர் என்றால் அதன் அட்டையைக் கட்டாயம் காட்ட வேண்டும். சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். எண்ணைப் பாருங்கள், 30-க்குக் கீழே என்றால் எந்த மருந்து என்பதை டாக்டர் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். டயாலிசிஸ் செய்பவர் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கணவருக்குப் பெருங்குடல் புற்றுநோய். ஈரலில் இரண்டு புள்ளி. கீமோ அடுத்த வாரம். எம்.ஆர்.ஐ. அப்புறம் எடுத்துக்கொள்ளலாமா?

ஈரலில் அறுவை சிகிச்சை செய்யும் யோசனை இருந்தால் கீமோவுக்கு முன்பே எடுப்பதுதான் நல்லது, இன்றே கேளுங்கள். கீமோவில் சின்னப் புள்ளிகள் சுருங்கிப் படத்தில் மறைந்துவிடலாம், ஆனால் மறைந்த இடத்தில் நோய் மிச்சம் இருக்கலாம். எங்கே இருந்தது என்று சர்ஜனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சி.டி.யில் இரண்டு என்றது எம்.ஆர்.ஐ.யில் நான்காக வருவதும் உண்டு.

கேள்வி: அப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி.யால் ஈரல் புற்றுநோய். நாங்கள் மூன்று பிள்ளைகளும் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

வேண்டாம். மூவரும் முதலில் இந்த வைரஸ் இருக்கிறதா என்று காட்டும் ஹெச்.பி.எஸ். ஏ.ஜி. ரத்தச் சோதனை செய்யுங்கள், அம்மாவும்தான். இல்லை என்று வந்து எதிர்ப்புச் சக்தியும் இல்லையென்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். யாருக்காவது வைரஸ் இருந்தால் ஈரல் டாக்டரைப் பாருங்கள், அவர் தேவை என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அல்ட்ராசவுண்டும், ஈரல் புற்றுநோய்க்கு அறிகுறி தேடும் ஏ.எஃப்.பி. ரத்தச் சோதனையும் எழுதுவார். அதில் ஏதாவது கண்ணில் பட்டால் எம்.ஆர்.ஐ.க்கு வாருங்கள், வரும்போது அப்பாவின் பழைய ஸ்கேன் வேண்டாம், உங்களுடைய பழைய ஸ்கேன்களைக் கொண்டுவாருங்கள்.