ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறார், நாங்கள் எப்படி இருப்பது?

போதை மறுவாழ்வு மையத்திலிருந்து வீடு திரும்புகிறவர்களைப் பற்றி வந்த கடிதங்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. பெரும்பாலும் எழுதுவது மனைவிமார்களும் அம்மாக்களும். இந்த வாரம் முழுக்க அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

என் கணவர் பனியன் கம்பெனியில் டெய்லர். பன்னிரண்டு வருடக் குடி. போன மாதம் அவராகவே ஒத்துக்கொண்டு மையத்தில் சேர்ந்தார், வரும் ஞாயிறு வீட்டுக்கு வருகிறார். கோயிலுக்குக் கூட்டிப்போய் சத்தியம் வாங்க வேண்டும் என்கிறார் மாமியார். ஏடிஎம் கார்டைப் பிடுங்கி வைத்துக்கொள், போனையும் பார்த்துக்கொண்டே இரு என்கிறான் என் அண்ணன். எனக்கோ பயமாகத்தான் இருக்கிறது, சந்தோஷமே வரவில்லை. அது தப்போ என்று உறுத்துகிறது. நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?
பெயர் வேண்டாம், திருப்பூர்

தப்பே இல்லை அம்மா. பன்னிரண்டு வருடமாக ராத்திரி பைக் சத்தத்தை வைத்தே இன்றைக்கு எந்த நிலைமையில் வருகிறார் என்று கணக்குப் போட்ட காது அது, ஒரு மாதத்தில் மாறிவிடாது. சந்தோஷம் வரும்போது வரட்டும். சிரித்த முகமாக வரவேற்க வேண்டும் என்று உங்களை யாரும் கட்டாயப்படுத்த வேண்டாம், நீங்களும் உங்களைக் கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம்.

மையத்தில் என்ன நடந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். முதல் சில நாட்கள் உடம்பைக் கவனிப்பார்கள். நடுக்கம், வியர்வை, தூக்கமின்மைக்கு மாத்திரை, குடியால் வற்றிப்போன வைட்டமின் பி1-க்கு ஊசி. அதற்குப் பிறகுதான் பேச்சு, வகுப்பு, கவுன்சலிங் எல்லாம். ஆனால் அந்த நான்கு சுவருக்குள் டாஸ்மாக் இல்லை, சம்பளம் இல்லை, கூட்டாளி இல்லை, கடன்காரன் போன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வாசலைத் தாண்டியதும் அத்தனையும் ஒரே நேரத்தில் எதிரே வந்து நிற்கும். மறுபடி குடிப்பவர்களில் நிறையப் பேர் முதல் மூன்று மாதத்துக்குள்தான் குடிக்கிறார்கள். அதனால் குணமாகி வருகிறார் என்று நினைக்காதீர்கள், சிகிச்சையின் கடினமான பாதியைத் தொடங்க வருகிறார்.

சனிக்கிழமையே ஒரு வேலை இருக்கிறது. பாட்டிலை அலமாரியில் மட்டும் தேடாதீர்கள். பைக் டேங்க் கவர், மோட்டார் ரூம், பாத்ரூம் மேலே பரண், அரிசி டிரம், பழைய சூட்கேஸ் என்று ஒளித்து வைத்த இடமெல்லாம் தேடி எடுத்து அப்புறப்படுத்துங்கள். மாமியாரிடம் தசமூலாரிஷ்டம் போல ஏதாவது அரிஷ்டம் இருந்தால் அதையும் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், அதிலும் ஆல்கஹால் உண்டு. சில இருமல் சிரப்பிலும் உண்டு, லேபிளைப் பாருங்கள்.

அப்புறம் சாயங்காலம். ஷிஃப்ட் முடிந்து வெளியே வருவதற்கும் ராத்திரி சாப்பாட்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த நேரம்தான் இத்தனை வருடமும் குடிக்கிற நேரம், உடம்பு அதை மறக்கவே மறக்காது. வந்தவுடன் டீயும் கையில் சாப்பிட ஏதாவதும் இருக்கட்டும். வெறும் வயிற்றோடு இருக்கும்போது குடிக்கிற எண்ணம் பலமாக வரும். கோபம், தனிமை, அசதி மூன்றும் அதே வேலையைச் செய்யும். இனிப்பு கேட்டு நச்சரித்தாரென்றால் சர்க்கரை நோய் இல்லாத பட்சத்தில் கொடுங்கள், முதல் சில வாரங்களில் பலருக்கு அந்த ஆசை வருகிறது. கம்பெனியிலிருந்து வருகிற வழியில் கடை இருந்தால் வழியை மாற்றச் சொல்லுங்கள், சுற்றுவழியாக இருந்தாலும் பரவாயில்லை.

உங்கள் ஊரில் பெரிய ஆபத்து சனிக்கிழமை. வாரக்கூலி கைக்கு வருகிற நாள், கூட்டாளிகள் எல்லோரும் சேர்ந்து கிளம்புகிற நாள். அதற்கு மட்டும் தனியாகத் திட்டம் போடுங்கள். முதல் சில வாரமாவது நீங்கள் கம்பெனி வாசலுக்குப் போய் சேர்ந்து வரலாம், சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லலாம். பக்கத்தில் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் சனிக்கிழமை சாயங்காலம் நடக்கிறதா என்று விசாரியுங்கள், அதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை. 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாகத் தொடங்கியது அது. காசு கிடையாது, டாக்டர் கிடையாது, குடித்து நிறுத்தியவர்களே உட்கார்ந்து பேசுவார்கள். நீங்கள் நூறு தடவை சொல்லி ஏறாதது அங்கே இன்னொரு டெய்லர் சொன்னால் ஏறும்.

ஏடிஎம் கார்டு விஷயத்தில் உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி சரி. பணம் கையில் நிறைய இருக்கக் கூடாது, ஆனால் பிடுங்கக் கூடாது. அவரையே உட்கார வைத்து, மூன்று மாதத்துக்குப் பணத்தை எப்படி வைத்துக்கொள்ளலாம் என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். டீக்கும் பஸ்ஸுக்கும் தினம் இவ்வளவு என்று ஒரு தொகை அவர் கையில் இருக்க வேண்டும், பத்து ரூபாய்க்கு மனைவியிடம் கை நீட்டுகிற அவமானமே ஒருவரைக் கடைக்குத் தள்ளும். போனை நோண்டுவது, வாயை மோந்து பார்ப்பது, நேரமானால் பிள்ளையை அனுப்பித் தேடுவது எதுவும் வேண்டாம். இதையெல்லாம் இத்தனை வருடமும் செய்துதான் பார்த்தீர்கள், ஒரு நாளாவது குடி நின்றதா? சந்தேகம் வந்தால் மறுநாள் காலையில், பிள்ளைகள் இல்லாத நேரத்தில், கண்ணால் பார்த்ததை மட்டும் நேராகக் கேளுங்கள்.

கோயிலுக்கு அவருக்கே விருப்பமிருந்தால் போகட்டும். சத்தியம் மட்டும் வாங்காதீர்கள் என்று மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். மாலை போட்டால் மண்டலம் முழுக்க ஒரு சொட்டு தொடாமல் இருந்துவிட்டு, மாலையைக் கழற்றிய அன்றே கடைக்குப் போகிற எத்தனை பேரை நம் ஊரில் பார்க்கிறோம். நிறுத்துவது அவர்களுக்கு முடியாத காரியமே இல்லை, நிறுத்தியபடியே இருப்பதற்குத்தான் ஆள் வேண்டும், மருந்து வேண்டும், மையத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்வர வேண்டும். சத்தியம் செய்து ஒரு நாள் சறுக்கினால், சாமி குத்தமாகிவிட்டது, இனி என்ன என்று அந்தக் குற்ற உணர்ச்சியிலேயே மொத்தமாக விழுந்துவிடுவார்கள். மாமியார் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால், அடுத்த செக்கப் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு அன்றைக்குக் கூடவே போகட்டும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதல் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள், தூக்கம் சரியாக வராது. சிடுசிடுப்பார், சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுவார், குடித்தபோதே இதைவிட நன்றாக இருந்தாரே என்றுகூட உங்களுக்குத் தோன்றும். மூளை பழைய நிலைக்குத் திரும்ப அவ்வளவு காலம் எடுக்கிறது. தூக்க மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள், ஒன்றை விட்டு இன்னொன்றில் மாட்டிக்கொள்வார். ஆனால் சிடுசிடுப்பு வேறு, அடிப்பது வேறு. கை நீட்டினால் அது நோய் இல்லை, பொறுத்துக்கொள்ளாதீர்கள், பெண்களுக்கான உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள்.

"நான்தான் திருந்திவிட்டேனே, வீட்டை இனி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கிளம்புவார் பாருங்கள், அங்கேயும் நிதானம் தேவை. சீட்டு கட்டியது, ஃபீஸ் கட்டியது, கடன்காரனைச் சமாளித்தது எல்லாம் நீங்கள். அதை ஒரே நாளில் தூக்கிக் கொடுத்துவிட வேண்டியதில்லை. ஒதுக்கியும் வைக்காதீர்கள். கேஸ் புக் பண்ணுவது, பிள்ளையை டியூஷனில் விடுவது என்று தினமும் அவர் பொறுப்பில் ஏதாவது ஒன்று இருக்கட்டும். பழைய கணக்கு உங்கள் மனதில் எவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதை ஞாயிற்றுக்கிழமையே கொட்டாதீர்கள், ஆனால் விழுங்கியும் விடாதீர்கள். அடுத்த செக்கப்பில் கவுன்சிலர் முன்னால் உட்கார்ந்து சொல்லுங்கள், உங்கள் கணவர் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

உங்களுக்கும் சிகிச்சை வேண்டும் அம்மா. கணவரைக் குடியால் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனையில் குடும்பத்தாருக்கும் தனியாக வகுப்பு உண்டு. உங்கள் மையத்திலும் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் நடத்தச் சொல்லிக் கேளுங்கள். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற கூட்டங்கள் இருக்கின்றன. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மனசு தாங்கவில்லை என்றால் 14416-க்குப் போன் போடுங்கள், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசுவார்கள், காசு இல்லை. போதை சம்பந்தமாகவே கேட்க 14446.

வயது 29. மையத்திலிருந்து வந்து இரண்டு மாதமாகிறது. அடுத்த வாரம் சித்தப்பா மகன் கல்யாணம். பிராந்திதானே வேண்டாம், ஒரு பீர் ஒன்றும் பண்ணாது என்று இப்போதே பங்காளிகள் ஆரம்பித்துவிட்டார்கள். போகாமல் இருந்தால் சித்தப்பா வருத்தப்படுவார்.
மதுரை வாசகர்

தம்பி, பங்காளிகளுக்குக் கணக்குத் தெரியவில்லை. ஒரு குவார்ட்டர் 180 மில்லி, அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால், ஆக சுமார் 77 மில்லி. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் 52 மில்லி. ஒரு பீர் என்பது குவார்ட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, இரண்டு பீர் குவார்ட்டரைத் தாண்டிவிடும். உங்கள் மூளை பாட்டில் வடிவத்தைப் பார்ப்பதில்லை.

ராத்திரி ரிசப்ஷனுக்குப் போகாதீர்கள், மண்டபத்துக்குப் பின்னால் கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பது அப்போதுதான். காலையில் முகூர்த்தத்துக்குப் போங்கள், மொய் எழுதுங்கள், முதல் பந்தியில் சாப்பிடுங்கள், கிளம்பிவிடுங்கள். சித்தப்பாவுக்கு முகூர்த்தத்தில் நீங்கள் நின்றதுதான் ஞாபகம் இருக்கும். முடிந்தால் இரண்டு நாள் முன்பே அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், அவரே பசங்களை அதட்டி வைப்பார். சொந்த வண்டியில் போங்கள், யாருடைய காரையும் நம்பி மாட்டிக்கொள்ளாதீர்கள். யாராவது கிளாஸை நீட்டினால் "மாத்திரை சாப்பிடுகிறேன், ஒத்துக்காது" போதும், அதற்கு மேல் விளக்கம் சொல்ல நீங்கள் யாருக்கும் கடன்படவில்லை. ஆசை வந்தால் வெளியே வந்து யாருக்காவது போன் போடுங்கள். அது உச்சத்துக்கு ஏறி, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும்.

எல்லாவற்றையும் மீறிக் குடித்துவிட்டால் அன்று ராத்திரியே மையத்தில் சொல்லுங்கள். இரண்டு மாதமும் வீணாகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் அதை மறைத்து, பல நாள் தொடர்ந்து குடிக்கும்படி ஆகிவிட்டால், வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டு திடீரென்று நிறுத்தாதீர்கள். நிறுத்திய ஓரிரு நாளில் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவமெல்லாம் தெரிந்து மனக்குழப்பம் ஏற்படலாம், அது உயிருக்கே ஆபத்து. கை நடுங்க ஆரம்பித்தால் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

என் மகன் மையத்திலிருந்து வந்து நாற்பது நாள் மாத்திரை சாப்பிட்டான், இப்போது மாட்டேன் என்கிறான். மறுபடி தொடங்கிவிடுவானோ என்று பயம். சாம்பாரில் கலந்து கொடுக்கும் பொடி ஒன்று தெரியாமல் கொடுக்கலாம் என்கிறார்கள். இன்னொருவர், போன் செய்தால் ஆட்கள் வேனில் வந்து தூக்கிப் போய்விடுவார்கள் என்கிறார். எதைச் செய்வது?
தஞ்சாவூர் அம்மா

இரண்டையும் செய்யாதீர்கள் அம்மா. அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று விற்கிறவரே சொல்ல மாட்டார். உங்கள் மகன் சாப்பிட்டது டைசல்பிராம் வகை மாத்திரையாக இருந்தால் அதையும் தெரியாமல் கலக்கக் கூடாது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால், ஆல்கஹாலை உடம்பு உடைக்கும் வேலை பாதியில் நின்று ஒரு நச்சுப்பொருள் ரத்தத்தில் சேர்கிறது. முகம் சிவக்கும், தலை வெடிக்கும், வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் சரிந்து உயிரும் போகலாம். குடித்தால் இப்படி ஆகும் என்று தெரிந்து ஒருவன் தானே கை நீட்டி வாங்கிப் போட்டுக்கொள்ளும்போதுதான் அந்த மாத்திரை வேலை செய்கிறது, தெரியாமல் கொடுத்தால் நீங்கள் கொடுப்பது விஷம். அதை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை குடிக்கக் கூடாது என்பதை அவனிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

ஏன் வேண்டாம் என்கிறான் என்று கேட்டீர்களா? சோர்வாக இருக்கலாம், வயிறு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், நண்பர்கள் நரம்பு போய்விடும் என்று பயமுறுத்தியிருக்கலாம். காரணத்தோடு டாக்டரிடம் போனால் வேறு மருந்து இருக்கிறது. நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்றவை குடிக்கும் ஆசையைக் குறைக்கிறவை, குடித்தால் வாந்தி வர வைப்பவை அல்ல. கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பார்த்துவிட்டு எது பொருந்தும் என்று டாக்டர் சொல்வார்.

வேன் விஷயம் எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் குடிநோயும் வருகிறது. ஒருவர் சம்மதம் இல்லாமல் சேர்க்க அதில் தனி நடைமுறை இருக்கிறது, மருத்துவர் பரிசோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும், சங்கிலியால் கட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் சட்டம் அனுமதிக்கவில்லை. எந்த மையமானாலும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். காட்டத் தயங்கினால் அங்கே பிள்ளையை விடாதீர்கள். நடுத்தெருவில் தூக்கிப் போடப்பட்டவன் வெளியே வந்ததும் முதலில் தேடுவது குடியைத்தான், அப்புறம் அம்மாவை ஜென்மத்துக்கும் நம்ப மாட்டான்.

பத்தாவது படிக்கிறேன். அப்பா வந்து ஒரு மாதம் ஆகிறது, குடிக்கவில்லை. என்னிடம் பேசப் பார்க்கிறார். எனக்குப் பேச வரவில்லை. நீ பேசாவிட்டால் அவர் மறுபடி குடிப்பார் என்று அம்மா அழுகிறாள்.
ஒரு மாணவி, நாகர்கோவில்

நீ பேசாததால் யாரும் குடிக்க மாட்டார்கள் கண்ணு. அப்பா குடித்ததற்கும் நீ காரணமில்லை, குடிக்காமல் இருப்பதும் உன் பொறுப்பில்லை. இதை அம்மாவுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், பிள்ளையின் தலையில் இதைத் தூக்கி வைக்காதீர்கள்.

பேச வரும்போது பேசு. இப்போதைக்கு ஒரே மேஜையில் சாப்பிட முடிந்தால் அதுவே போதும். அப்பாவிடம் சொல்ல எதாவது இருந்து வாயில் வராவிட்டால் எழுதிக் கொடு, கோபமாக எழுதினாலும் தப்பில்லை. பள்ளியில் உனக்குப் பிடித்த டீச்சர் ஒருவரிடம் வீட்டு நிலைமையைச் சொல்லி வை. பரீட்சைக்கு வீட்டில் படிக்க முடியாத நாளில் பாட்டி வீட்டுக்கோ தோழி வீட்டுக்கோ போய்ப் படிக்க அம்மாவிடம் இப்போதே அனுமதி வாங்கிக்கொள். என்றைக்காவது பழையபடி குடித்துவிட்டு வந்து உன்னையோ அம்மாவையோ அடித்தால், நடுவில் போய்த் தடுக்க நிற்காதே, பக்கத்து வீட்டுக்குப் போய் 1098-ஐக் கூப்பிடு. குழந்தைகளுக்கான உதவி எண் அது, எந்த நேரமும் எடுப்பார்கள்.