இருபது ஷாட் அடித்தும் கோல் விழவில்லை, ஏன்?

வாசகர் கேள்வி: ஃபுட்பால் மேனேஜரில் (கால்பந்து கிளப்பை நாமே நிர்வகிக்கும் கம்ப்யூட்டர் கேம்) முதல் சீசனில் நாலாவது இடம் பிடித்தேன். இரண்டாவது சீசனிலும் அதே டாக்டிக்தான். இருபது ஷாட் அடித்துவிட்டு 1-0 என்று தோற்கிறேன். கேம் ஏமாற்றுகிறதா?

இல்லை. உங்கள் டாக்டிக்கும் கெட்டுப்போகவில்லை. போன சீசனில் உங்களை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதிரணிகள் ஏறி வந்து ஆடின. பின்னால் கிடந்த காலியிடத்தில் உங்கள் விங்கர்கள் ஓடினார்கள். நாலாவது இடம் வந்ததும் கிளப்பின் ரெப்யூட்டேஷன் உயர்ந்துவிட்டது. இப்போது வருகிறவர்கள் டிரா போதும் என்று பாக்ஸ் (கோலுக்கு முன்னாலுள்ள பெனால்டி கட்டம்) முன்னால் சுவர் எழுப்புகிறார்கள். ஓட இடமே இல்லை.

ஷாட் எத்தனை என்று எண்ணாதீர்கள், எங்கிருந்து அடித்தது என்று பாருங்கள். இருபது ஷாட்டுக்கு எக்ஸ்ஜி (ஒவ்வொரு ஷாட்டும் கோலாகும் வாய்ப்பைக் கூட்டிய எண்) 1-ஐக்கூடத் தொடவில்லை என்றால், பெரும்பாலானவை தூரத்திலிருந்து அடித்தவை, இல்லையென்றால் கூட்டத்துக்குள் தலையால் முட்டியவை. 1992-ல் சாம்பியன்ஷிப் மேனேஜர் என்ற பெயரில் இந்தத் தொடர் தொடங்கியபோது ஆட்டத்தை எழுத்தில்தான் படிக்க முடியும். 2009 பதிப்பிலிருந்து முப்பரிமாணத்திலேயே பார்க்கலாம். தோற்ற ஆட்டம் ஒன்றை முழுசாக ஓட்டிப் பாருங்கள். விங்கர் பந்தை வாங்கும் நொடியில் நிறுத்தி, பாக்ஸுக்குள் எதிரணிக்காரர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். விஷயம் அங்கேயே புரிந்துவிடும்.

கோல் வரவில்லை என்றதும் பலரும் மென்டாலிட்டியை (அணி எவ்வளவு துணிந்து தாக்க வேண்டும் என்ற அமைப்பு) உச்சத்துக்கு ஏற்றுகிறார்கள். இந்த இடத்தில் அது பெரும்பாலும் தப்பு. டெம்போ (ஆட்டத்தின் வேகம்) கூடும், பாஸில் துணிச்சல் கூடும், பந்து நெரிசலுக்குள் போய்ப் பறிபோகும். கவுன்ட்டரில், அதாவது எதிரணியின் திடீர் எதிர்த்தாக்குதலில், அந்த ஒரு கோல் விழும். ஒரு படி இறக்குங்கள். டெம்போவைக் குறைத்து, பந்தைப் பொறுமையாக பாக்ஸுக்குள் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஒரு பக்க ஃபுல்பேக்கை மேலே ஏற்றி அகலம் எடுங்கள். மிட்ஃபீல்டர் ஒருவர் மட்டும் பின்னாலேயே நிற்கட்டும்.

ஆட்டக்காரர் தேர்வும் மாற வேண்டும். திறன்களுக்கு 1 முதல் 20 வரை மதிப்பெண். வேகம் 17, ஃபர்ஸ்ட் டச் (வரும் பந்தை அடக்கும் திறன்) 8 உள்ள விங்கர் போன சீசனின் நாயகன். இந்தக் கூட்டத்துக்குள் அவர் காலில் பந்து தங்காது. ஆஃப் த பால் (பந்து இல்லாதபோது நல்ல இடத்துக்கு நகர்வது), ஆன்டிசிபேஷன் (அடுத்து நடப்பதை முன்கூட்டியே கணிப்பது), விஷன் (பாஸ் வாய்ப்பைக் கண்டுகொள்வது) நன்றாக உள்ளவருக்கு, வேகம் 12 என்றாலும், இடம் கொடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதலில் மென்டாலிட்டி, டெம்போ இரண்டை மட்டும் மாற்றி ஐந்து ஆட்டம் ஆடிவிட்டு, அதே எக்ஸ்ஜியைத் திரும்பப் பாருங்கள்.