வாசகர் கேள்விகள்: ஒரு துறைமுக ஊரும் மூன்று மதத்து அயலாரும்

துனீசியாவின் லா குலெத் என்ற கடலோர ஊரில் முஸ்லிம், யூத, கத்தோலிக்கக் குடும்பங்கள் தலைமுறைகளாக அண்டை வீட்டாராக வாழ்ந்ததைப் பற்றிச் சென்ற இதழில் சிறு குறிப்பொன்று எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களிலிருந்து சில கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறோம்.

கேள்வி: அந்த ஊர் எங்கே இருக்கிறது? மூன்று மதத்தவரும் அங்கு எப்படி வந்து சேர்ந்தார்கள்?

பதில்: தலைநகரான துனிஸுக்குக் கிழக்கே, துனிஸ் ஏரிக்கும் மத்தியதரைக் கடலுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய நிலத்துண்டின் மேல், ஏரி நீர் கடலோடு கலக்கும் கால்வாயின் வாயில் அமைந்த துறைமுகம் அது. அரபு மொழியில் ஹல்குல் வாதி என்பார்கள். 1535-ல் ஸ்பெயின் மன்னரான ஐந்தாம் சார்லஸ் அதைக் கைப்பற்றினார். 1574-ல் உதுமானியத் துருக்கியர் ஸ்பானியரை வெளியேற்றினர். நாம் பேசும் அண்டை வாழ்க்கை உருவானது அதற்கு வெகுகாலம் பிறகு, 19-ஆம் நூற்றாண்டில்தான். சிசிலித் தீவுக்கும் துனீசியாவின் வடகிழக்கு முனைக்கும் இடையே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கடல்தான் என்பதால், வறுமை தாங்காத சிசிலி மீனவர்களும் கொத்தனார்களும் குடும்பத்தோடு இங்கு வந்து குடியேறினர். 1881-ல் பிரான்ஸ், துனீசியாவைத் தன் பாதுகாப்பு ஆட்சியின் கீழ் கொண்டுவந்த பிறகும் இந்த வரத்து நிற்கவில்லை. 1926-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆளும் பிரெஞ்சுக்காரர்கள் சுமார் 71 ஆயிரம் பேராகவும், இத்தாலியர்கள் சுமார் 89 ஆயிரம் பேராகவும் இருந்தார்கள் என்பதைப் பார்த்தால், பிரெஞ்சு அதிகாரிகள் ஏன் இவர்களை ஓரக்கண்ணால் பார்த்தார்கள் என்பது விளங்கும்.

யூதர்கள் ஒரே சமூகமாக இருக்கவில்லை. பன்னெடுங்காலமாக அம்மண்ணில் வாழ்ந்து அரபு பேசியவர்கள் ஒரு பிரிவினர். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்திலிருந்து வணிகத்துக்காக வந்து, இத்தாலிய நடையுடையை விடாமல் வாழ்ந்தவர்கள் மற்றொரு பிரிவினர். 1710-ல் பின்னவர்கள் தனிச் சபையாகவே பிரிந்து, தனி நீதிமன்றம், தனி இறைச்சிக் கடை, தனி இடுகாடு என்று வைத்துக்கொண்டார்கள். மதங்களுக்கு இடையிலான வேலியைப் பற்றியே எப்போதும் பேசுகிறோம்; ஒரே மதத்துக்குள் போட்ட வேலி சில நேரங்களில் அதைவிட உயரமாக இருந்திருக்கிறது. ஏழை யூதத் தையற்காரருக்குத் தன் இனத்துச் செல்வந்த வணிகரைவிட அடுத்த கதவில் இருந்த சிசிலி மீனவர் நெருக்கமானவராக இருந்ததில் வியப்பில்லை.

கேள்வி: இது பழங்காலம் முதலே நிலவிய நல்லிணக்கமா, அல்லது பின்னால் வந்தவர்கள் ஏக்கத்தில் கட்டிய கதையா?

பதில்: பழங்காலம் முதலே என்பது சரியன்று. இஸ்லாமிய ஆட்சியில் யூதர்கள் ஜிஸ்யா வரி செலுத்தி, உடையிலும் வேறுபாடு காட்டி, பாதுகாக்கப்பட்ட ஆனால் தாழ்ந்த நிலையிலேயே வாழ்ந்தனர். 1857-ல் சாமுவேல் ஸ்ஃபெஸ் என்ற யூத வண்டியோட்டி, இஸ்லாத்தைப் பழித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டுத் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். ஐரோப்பிய அரசுகள் அதைக் காரணமாகக் கொண்டு நெருக்கியதால், அதே ஆண்டு செப்டம்பரில் துனீசியாவை ஆண்ட முகமது பே, குடிமக்கள் அனைவரும் மத வேறுபாடின்றிச் சட்டத்தின் முன் சமம் என்ற உறுதிப் பத்திரத்தை வெளியிட்டார். அயல் அரசுகளின் நோக்கம் தூய்மையானது என்று நாம் சொல்லமாட்டோம்; அவை தம் வணிகர்களுக்கான சலுகைகளையும் அதே மூச்சில் கேட்டு வாங்கிக்கொண்டன. எனினும் அந்தப் பத்திரத்துக்குப் பிறகுதான் அண்டை வீட்டார் ஏறக்குறைய ஒரே தளத்தில் நின்று பழக முடிந்தது.

கதை என்று ஒதுக்குவதும் பிழை. கடலில் ஒரே காற்றை நம்பிப் பிழைப்பவர்களுக்குக் கடனும் வலையும் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்காமல் தீராது. பணக்காரர்கள் கோடையில் மட்டும் கடற்காற்று வாங்க வந்தார்கள். ஏழைகள் ஆண்டு முழுவதும் ஒட்டிய சுவர்களுக்குள் இருந்தார்கள். அங்கு உண்டான நட்பு கொள்கையால் வந்ததன்று, தேவையால் வந்தது. அதனாலேயே அது உறுதியாக இருந்தது என்பது நம் கருத்து.

கேள்வி: மூன்று மதங்களுக்கும் உணவு விதிகள் வேறு வேறு. ஒரு வீட்டில் மற்றவர் எப்படிச் சாப்பிட்டிருப்பார்கள்?

பதில்: இவ்வளவு நல்ல கேள்வியை ஒருவர் மட்டுமே கேட்டிருக்கிறார் என்பது வருத்தந்தான். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இங்கே வாயும் வயிறும் மட்டுமன்றி வேதமும் வேறு.

இறைச்சியில்தான் முதல் சிக்கல். யூதர் தம் முறைப்படி அறுத்ததைத் தவிர வேறு இறைச்சியை உண்ணார். ஆகவே முஸ்லிம் வீட்டு ஆட்டிறைச்சி அவருக்கு ஆகாது. மறுதலையாக, வேதம் வழங்கப்பட்டவர்களின் உணவு உங்களுக்கு ஆகுமானது என்று குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் கூறுவதால், யூதர் அறுத்ததை முஸ்லிம்கள் பலர் தயக்கமின்றி ஏற்றார்கள். கத்தோலிக்கருக்கு அறுப்பு முறை பற்றிய விதி கிடையாது. ஆனால் அவர் வீட்டுப் பன்றி இறைச்சியை மற்ற இருவரும் தொடமாட்டார்கள். இதோடு யூத வீட்டில் பாலும் இறைச்சியும் ஒரே பாத்திரத்தில் சேரக்கூடாது என்பதால், ஆசாரமானவர்கள் பிறர் பாத்திரத்தில் சமைத்த எதையும் தவிர்த்தார்கள்.

வழி விட்டது கடல். மீனுக்கு அறுப்புச் சடங்கு கிடையாது. செதிலும் துடுப்பும் உள்ள மீன் யூதருக்கும் ஆகும், முஸ்லிமுக்கும் ஆகும். அக்காலக் கத்தோலிக்கர் வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் காப்பவர்கள், அதாவது இறைச்சி தவிர்ப்பவர்கள். எனவே அவர்கள் அடுப்பிலும் அன்று மீனே இருந்தது. யூதருக்கோ அன்று மாலை ஓய்வுநாள் தொடங்குகிறது. அந்த விருந்திலும் மீனுக்கு இடமுண்டு. முஸ்லிம்களுக்கு அது ஜும்ஆத் தொழுகை நாள். வாரத்தில் மூன்று வீடுகளுக்கும் ஒரே நாளில் ஒரு சிறப்பு வாய்த்தது என்றால், அது மீன் வாசனை வீசிய வெள்ளிக்கிழமைதான். ஆனால் கணவாயும் இறாலும் செதில் இல்லாதவை. அவை ஆசாரமான யூதர் வீட்டு வாசலோடு நின்றன.

இன்றும் லா குலெத் என்றால் நினைவுக்கு வரும் பண்டம் பிரிக். மெல்லிய மாவுத் தகட்டில் சூரை மீன் துணுக்குகளை வைத்து, பச்சை முட்டையொன்றை உடைத்து ஊற்றி, உடனே மடித்து எண்ணெயில் போடுவார்கள். தகடு மொறுமொறுப்பாகும்போது மஞ்சள் கரு உள்ளே இளகியபடியே இருக்க வேண்டும். கையால் இரு முனைகளைப் பிடித்து, மஞ்சள் கரு சட்டையில் ஒழுகாமல் நடுவிலிருந்து கடித்து முடிப்பது பழக்கத்தால் வரும் திறமை. முட்டையும் மீனும் மாவும் மட்டுமே என்பதால், மூன்று வேதங்களில் எதுவும் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை.

கேள்வி: மாதா பவனியில் முஸ்லிம்களும் யூதர்களும் கலந்துகொண்டார்கள் என்பது நம்பக்கூடியதா?

பதில்: நம்பலாம். திராபானி சிசிலியின் மேற்குக் கரையிலுள்ள மீனவத் துறைமுகம். அவ்வூர் மாதாவின் சுரூபத்தை ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15, விண்ணேற்புத் திருநாள் அன்று, லா குலெத் தேவாலயத்திலிருந்து மீனவர்கள் தோளில் சுமந்து, தெருக்கள் வழியே கடல் வரை கொண்டுசென்று படகுகளை ஆசீர்வதிப்பார்கள். ஊரே திரண்டது, மற்ற இரு மதத்தாரும் கூட்டத்தில் இருந்தார்கள். முஸ்லிம் தாய்மார்களுக்கு இது அந்நியமாகப் பட்டிருக்காது. குர்ஆனில் பெயர் குறிப்பிடப்படும் ஒரே பெண் மர்யம் அவர்கள்தாம். 19-ஆம் அத்தியாயம் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. யூதர்கள் மாதாவை வணங்கினார்கள் என்று இதற்குப் பொருளில்லை. அண்டை வீட்டாரின் திருவிழா, அதுவும் கடலில் பிழைக்கும் ஊரில் படகை மந்திரிக்கும் திருவிழா, அவ்வளவுதான். இறையியல் தேடுபவர்கள் ஏமாறுவார்கள்.

கேள்வி: ஆபத்துக் காலத்தில் இந்த நட்பு நின்றதா?

பதில்: 1942 நவம்பர் முதல் 1943 மே வரை ஜெர்மன் படை துனீசியாவில் இருந்தது. யூத ஆண்கள் ஆயிரக்கணக்கில் கட்டாய வேலை முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். சமூகத்தின் மேல் பெருந்தொகை அபராதமாக விதிக்கப்பட்டது. எல்லா அண்டை வீட்டாரும் வீரர்களாக இருக்கவில்லை. பெரும்பாலோர் பேசாமல் இருந்தார்கள். ஆனால் மஹ்தியா என்ற மற்றொரு கடலோர ஊரில் காலித் அப்துல் வஹாப் என்ற முஸ்லிம் நிலவுடைமையாளர் இருந்தார். அங்கிருந்த ஒரு யூதப் பெண்ணின்மேல் ஜெர்மன் அதிகாரி ஒருவன் கண் வைத்திருப்பதை அறிந்தவுடன், அக்குடும்பத்தையும் மற்றவர்களையும் இரவோடிரவாகத் தம் பண்ணைக்கு அழைத்துச் சென்று, ஜெர்மானியர் வெளியேறும் வரை மறைத்து வைத்தார். அவ்வாறு காக்கப்பட்டவர்கள் 20-க்கும் மேற்பட்டவர்கள். யூதர்களைக் காத்த பிற இனத்தாருக்கு இஸ்ரேலின் யாத் வஷேம் நினைவகம் அளிக்கும் பட்டத்துக்கு முதன்முதலாகப் பரிந்துரைக்கப்பட்ட அரபியர் அவரே, பட்டம் வழங்கப்படவில்லை.

கேள்வி: பிள்ளைகள் காதலித்தால்?

பதில்: நட்பு நின்ற இடம் அதுதான். முஸ்லிம் ஆண் யூதப் பெண்ணையோ கிறித்தவப் பெண்ணையோ மணக்க இஸ்லாமியச் சட்டம் இடம் தருகிறது. பெண்ணுக்கு அந்த இடம் இல்லை. யூதச் சட்டம் இரண்டையும் ஏற்காது. கத்தோலிக்கத் திருச்சபையோ சிறப்பு அனுமதி கேட்கும். பெற்றோர் மூவரும் வேறு எதில் மாறுபட்டாலும் இதில் மட்டும் ஒருமித்தே இருந்தார்கள். முஸ்லிம் பெண் பிற மதத்தவரை மணப்பதைத் தடுத்த 1973-ஆம் ஆண்டு அரசுச் சுற்றறிக்கை 2017 செப்டம்பரில்தான் நீக்கப்பட்டது. வேலியைத் தாண்டமாட்டோம் என்ற நம்பிக்கை இருந்ததால்தான் கதவுகள் இவ்வளவு தாராளமாகத் திறந்திருந்தன என்று ஒருவர் வாதிட்டால், நம்மால் எளிதில் மறுக்க முடியாது.

கேள்வி: அவ்வளவு பேரும் எங்கே போனார்கள்? யார் விரட்டியது?

பதில்: ஒருவர் மேல் பழி போட்டு முடித்துவிட முடியாது. 1948-ல் துனீசியாவில் சுமார் ஒரு லட்சம் யூதர்கள் இருந்தனர். இஸ்ரேல் உருவானதும் ஒரு பகுதியினர் அங்கே சென்றனர். 1956 மார்ச் 20-ல் நாடு விடுதலை பெற்றபோது, விடுதலைப் போராட்டத் தலைவரான பூர்கிபாவின் அரசு யூதர்களைச் சம குடிமக்களாகவே ஏற்று, அமைச்சரவையிலும் ஒருவருக்கு இடம் அளித்தது. ஆனாலும் 1961-ல் பிஸெர்ட் கடற்படைத் தளத்துக்காகப் பிரான்சுடன் மோதல் வெடித்தபோது அச்சம் பரவி, பலர் பிரான்சுக்குக் கப்பல் ஏறினர். 1964 மே மாதத்தில் அயல்நாட்டார் கையிலிருந்த விளைநிலங்களை அரசு எடுத்துக்கொண்டது. இத்தாலியர்களுக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் இனி இங்கே எதிர்காலம் இல்லை என்பது தெளிவாயிற்று. அதே ஆண்டு ஜூலையில் வத்திக்கானுடன் ஏற்பட்ட உடன்பாட்டால் பெரும்பாலான தேவாலயங்கள் அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. வீதிகளில் மாதா பவனி நின்றுபோனது. 1967 ஜூன் 5, மத்திய கிழக்கில் போர் மூண்ட நாளில், துனிஸின் பெரிய ஜெபக்கூடமும் யூதர் கடைகளும் கலகக் கும்பலால் தீக்கிரையாயின. பூர்கிபா அன்றே வன்மையாகக் கண்டித்தார். ஆயினும் மீதமிருந்தவர்களில் பெரும்பகுதியினர் அடுத்த சில ஆண்டுகளில் புறப்பட்டுவிட்டனர்.

எந்தச் சண்டையும் லா குலெத்தின் முற்றத்தில் தொடங்கியதன்று என்பதைக் கவனிக்கலாம். ஆனால் தொலைவில் தொடங்கியதைத் தடுக்கும் வலு அந்த முற்றத்துக்கு இல்லை. விருந்துக்கு அழைக்கும் அண்டை வீட்டாரால் வேலை உரிமத்தையோ நில உரிமையையோ வழங்க முடியாது.

கேள்வி: நடிகை கிளாடியா கார்டினாலே அவ்வூர்க்காரரா?

பதில்: 1938-ல் துனிஸில், சிசிலி வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். 2022-ல் லா குலெத்தில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2025-ல் காலமானார்.

கேள்வி: இப்போது போனால் ஏதாவது பார்க்க முடியுமா?

பதில்: துனிஸிலிருந்து மர்ஸா செல்லும் புறநகர் ரயிலில் ஏறினால் போதும், அத்தடம் 1872 முதல் இருக்கிறது. லா குலெத்தில் யூத முதியோர் இல்லம் ஒன்று உண்டு. நாட்டில் எஞ்சியுள்ள ஏறத்தாழ 1,500 யூதர்களில் பெரும்பாலோர் தெற்கே ஜெர்பா தீவில் வசிக்கின்றனர். மாதா பவனி 2017 ஆகஸ்ட் 15 அன்று மீண்டும் தொடங்கியது. அவ்வாண்டு அது தேவாலய வளாகத்துக்குள்ளேயே நடந்தது, கடல் வரை செல்லவில்லை. திருப்பலிக்கு வருவோரில் சிசிலியர் அரிது. சஹாராவுக்குத் தெற்கிலிருந்து படிக்கவும் பிழைக்கவும் வந்த ஆப்பிரிக்க இளைஞர்களே மிகுதி. பவனியைப் பார்க்க விரும்பினால் ஆகஸ்ட் 15 மாலைக்குள் போய்ச் சேருங்கள். பிரிக்குக்கு நாள் பார்க்க வேண்டியதில்லை.